நான் திரும்பிப் பார்க்காத முச்சந்தி

அந்தத் துண்டு எங்கள் வீட்டுப் பூசணிக்காயா, வேறு யார் வீட்டுப் பூசணிக்காயா? ஒரு வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. இன்று வரை பதில் தெரியவில்லை.

அண்ணனின் நினைவு மலரில் முதல் வரியாக இதை எழுதலாமா என்று இரண்டு முறை எழுதி அடித்தேன். சித்தப்பா இந்தப் பக்கங்களை என்னிடம் கொடுத்தபோது, “பொறந்த ஊரு, படிப்பு, உத்தியோகம், நல்ல கொணம், கடைசில எல்லாருக்கும் நன்றி. அவ்ளோதான் பாப்பா, பயப்படாம எழுது” என்றார். அந்த வரிசையை நான் மாற்றவில்லை. கேள்வியை மட்டும் முன்னால் வைத்துவிட்டேன். அது நடுவில் வந்தால் அதற்கு மேல் எழுத முடியாமல் நின்றுவிடுவேன் என்று தோன்றியது.

எங்கள் அண்ணன் புதுப்பட்டினத்தில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் செங்கல்பட்டில். அப்பா ரயில்வே ஷெட்டில் பிட்டராக இருந்தார். அவர் காலமானபோது அண்ணன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏழு வயது. அந்த மாதமே அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். என்னையும் நிறுத்திவிடலாம் என்று உறவில் சிலர் சொன்னார்கள். “ஒரு வூட்ல ஒருத்தர் கையில க்ரீஸு இருந்தா போதும். இன்னொருத்தர் கையில பேனா இருக்கட்டும்” என்று அண்ணன் சொல்லிவிட்டார். எஸ்.எஸ்.எல்.சி. வரை நான் படித்தது அந்த ஒரு வார்த்தையால்தான். அந்தப் பேனாவை வைத்து அவரைப் பற்றியே எழுத வேண்டி வரும் என்று இரண்டு பேருமே நினைத்ததில்லை.

பிறகு சாலை போடும் துறையில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. ரோடு ரோலர் ஓட்டுநர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அங்கிருந்து திருவிடந்தை வரை கடலோரமாகப் போகும் சாலையில் அண்ணனின் உருளை படாத இடம் குறைவு. எங்கள் தெரு போய்ச் சேரும் முச்சந்தியிலும் தார் போட்டு அழுத்தியவர் அவர்தான். “கண்ணாடி மாதிரி போட்டுக்கீறேன், வந்து பாரு” என்று என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். கண்ணாடி மாதிரி என்று அவர் சொன்னது இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

வாரத்தில் ஆறு நாள் மனிதர் நடந்து முந்திவிடக்கூடிய வண்டியை ஓட்டியவருக்கு, ஏழாவது நாள் வேறு வண்டி வேண்டியிருந்தது. ராணுவ ஏலத்தில் கழித்துப் போட்ட ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளை மூன்று சாக்கு மூட்டைகளில் பாகம் பாகமாகக் கொண்டுவந்தார். பஜாரில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய் அண்ணனின் உயிர்த் தோழர். இருவரும் எட்டு மாதம் உட்கார்ந்து அதைப் பூட்டினார்கள். முதல் முறை இஞ்சின் பிடித்த அன்று, சுவர் இடிந்து விழுந்துவிட்டதென்று அம்மா ஓடி வந்தார்.

“இன்னா நைனா சத்தம் இது? சாமி ஊர்வலமா?”

“இல்லம்மா, இது உன் ரெண்டாவது புள்ளை. இப்பதான் அழுவுது” என்றார் அண்ணன்.

காதர் பாய் விடவில்லை. “ஆமாம்மா. ஆறு நாளு எருமை மேல போறாரு, ஏழாவது நாளு ராக்கெட்டு மேல போவப் போறாரு. அண்ணாத்தைக்குப் பொண்ணு குடுக்கிறவன் எந்த நாளு வந்து பாப்பான்?” என்று சிரித்தார். கடைசி வரை யாரும் பெண் பார்க்க அண்ணன் சம்மதிக்கவில்லை.

சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் அண்ணன் மூன்று வருடம் கலந்துகொண்டார். மூன்றாம் வருடம் நானும் என் கணவரும் போயிருந்தோம். கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் அம்மா, அண்ணனோடு அதே வீட்டில்தான் இருந்தோம். அப்போது என் மகள் செல்வி கைக்குழந்தை. வளைவுகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். வண்டிகள் கிளம்பியதும் காற்று முழுவதும் விளக்கெண்ணெய் வாசனை. பந்தய வண்டிகளின் ஆயிலில் அதைக் கலப்பார்களாம். குழந்தைக்கு வயிறு சரியில்லாத நாளில் எங்கள் சமையலறையில் வீசும் அதே வாசனை அந்தப் புகையிலிருந்து வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் மூன்றாவதாக வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அந்த முகத்தைப் பார்த்தேன். கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை, மற்ற இடமெல்லாம் புழுதி, நடுவில் பல் தெரியும் சிரிப்பு. அப்பா இறந்ததிலிருந்து அந்த முகத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. அவருக்குப் பின்னால் ஒரு வைக்கோல் கட்டு பிரிந்து கிடந்தது. யாரோ ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணனின் சிரிப்பைப் பார்ப்பதா, அதைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

நான் இயல்பிலேயே பயந்தவள். உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். குழந்தை தும்மினால் வாசலைப் பார்ப்பேன். ஆனாலும் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் எங்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனார். செல்வி முன்னால் பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்திருந்தாள், நான் பின்னால். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வேகம் எடுத்தார். உப்பளத்துக் காற்று முகத்தில் அடித்தது. எதிரே ஒரு பஸ் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அதை அவர் எப்படித் தெரிந்துகொண்டாரோ!

“பாப்பா, கண்ண மூடிக்கினியா? தொறந்து பாரு. மூடிக்கினாதான் பயம் ஜாஸ்தி ஆவும்.”

திறந்தேன். சவுக்குத் தோப்பு இரண்டு பக்கமும் ஓடியது. தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் கடல். குழந்தை கையைத் தட்டிச் சிரித்தாள். நானும் சத்தம் போட்டுச் சிரித்தேன். வீட்டுக் கவலை, அரிசிக் கவலை எதுவும் அந்த வேகத்தில் கூட வர முடியவில்லை. அண்ணன் எதற்காக இதை விடமாட்டேன் என்கிறார் என்று அன்று ஒரு நாள் எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும், இவ்வளவு சந்தோஷப்பட்டது நல்லதில்லையோ என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன்.

ஜெர்மனிக்காரர் ஒருவர் வந்ததிலிருந்து அண்ணனின் பாதை நீண்டது. ஹான்ஸ் என்று பெயர். தன் நாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே மாமல்லபுரம் வரை வந்தவர், திருவிடந்தை அருகே வண்டி கெட்டு நின்றிருந்தார். அண்ணன் அன்று அங்கே வேலையில் இருந்தார். கயிறு கட்டி அந்த வெளிநாட்டு வண்டியை ரோடு ரோலருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். மாமல்லபுரம் போய்ச் சேர அரை நாள் ஆனதாம். ஏழு நாடு தாண்டி வந்ததில் இந்தப் பயணம்தான் மிக நீளமானது என்று ஹான்ஸ் சைகை காட்டிச் சொன்னாராம். காதர் பாய் அந்த வண்டியைச் சரிசெய்து கொடுத்தார். நீண்ட பயணம் கிளம்பும்போது முன் சக்கரத்தைக் கடலில் நனைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று ஹான்ஸ் சொல்லிக்கொடுத்ததை அண்ணன் அப்படியே பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் மாமல்லபுரத்தில் சக்கரத்தை நனைத்துக்கொண்டு நேபாளத்துக்குக் கிளம்பினார். தனியாக. ஊர் ஊராகத் தபால் அட்டை வந்தது. ஒவ்வொன்றையும் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. “மலை ஏற ஏற வண்டிக்கும் மூச்சு வாங்குகிறது. கார்புரேட்டரைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன், சமாதானமாகி ஏறிவிட்டது. இங்கே விடியற்காலையில் பனிமலை ரோஜா நிறத்தில் இருக்கிறது. அம்மாவிடம் சொல்” என்று ஒரு அட்டை. “பள்ளத்தில் ஒரு லாரி கிடந்தது” என்று அதே அட்டையில் இன்னொரு வரி. அந்த வரியை நான் படிக்காமல் தாண்டிவிட்டேன். அம்மாவுக்குப் படிக்கும்போது வரியைத் தாண்டும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

சரியாக நாற்பத்தொரு நாளில், உதடு வெடித்து, தாடியோடு வந்து இறங்கினார். வந்த அன்றே, “அடுத்தது ஜெர்மனிதான்” என்றார். பாஸ்போர்ட் எடுத்தார். வண்டிக்கும் பாஸ்போர்ட் போல ஒரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு எல்லையிலும் அதில் ஒரு தாளைக் கிழித்துக்கொள்வார்களாம். துறையில் நீண்ட விடுப்பு வாங்கினார். சென்ற ஆண்டு விஜயதசமி அன்று விடியற்காலையில் புறப்படுவது என்று முடிவானது. அன்று தொடங்கும் காரியம் நன்றாக முடியும் என்று நாள் குறித்துக் கொடுத்தவளும் நான்தான்.

அதற்கு முந்திய நாள் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து, ஹாண்டில்பாரில் மாலை போட்டோம். ஜெர்மனி போகிறவருக்கு ஊர்க் கண் முழுவதும் பட்டிருக்கும் என்று நான் பெரிய சாம்பல் பூசணிக்காயாக வாங்கியிருந்தேன். மேலே ஓட்டை போட்டு, விதையை வழித்துக் கொல்லையில் எறிந்துவிட்டு, உள்ளே குங்குமத்தைக் கரைத்து ஊற்றினேன். ஆண்கள்தான் உடைக்க வேண்டும் என்பார்கள். என் கணவர் அன்று அவருடைய ஊரில் இருந்தார். அண்ணனோ இதற்கெல்லாம் சிரிப்பவர். அதனால் நானே கற்பூரம் ஏற்றி மூன்று முறை வண்டியைச் சுற்றி, முச்சந்திக்குத் தூக்கிப் போய் உடைத்தேன். உடைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. நானும் பார்க்கவில்லை. டயர் கடை, சைக்கிள் கடை, அரிசி மில் என்று அங்கே ஏற்கெனவே நாலைந்து காய்கள் உடைந்து கிடந்தன. என் காய் சாலையின் ஓரத்தில் விழுந்ததா, நடுவில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

இனி எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒவ்வொரு ஆயுத பூஜையன்றும் எல்லோரும் உடைத்து முடித்த பிறகு அண்ணன் ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு முச்சந்திக்குப் போவார். கிடக்கும் துண்டுகளை எல்லாம் அள்ளி ஓரத்தில் கொட்டிவிட்டு வருவார். திருஷ்டி கழித்ததைத் தொடலாமா என்று டயர் கடைக்காரர்கூடத் திட்டுவார். “ரெண்டு சக்கரத்துல வர்றவனுக்கு அது திருஷ்டி இல்ல நாயக்கரே, சோப்பு” என்பார் அண்ணன். பத்து வருடமாக அவர் விடாமல் செய்த வேலை இது.

அன்றும் கோணிப்பையை எடுத்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னிக்கு வேணாம்ணா. உனக்காக சுத்தினத நீயே போய்த் தொடுவியா? விடிஞ்சா ஜெர்மனிக்குப் போறவன்.”

“அடப் போ பாப்பா. எவனாவது வந்து வழுக்கி வுழுந்தான்னா உனக்குத்தான் பாவம்.”

“எனக்காகண்ணா. இந்த ஒரு வருசம்.”

என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டார். “இன்னா பேஜாரு புடிச்ச பொண்ணுடா நீ! சரி, தூரமா போறவன் உன்ன அழ வெச்சிட்டுப் போவல” என்று கோணிப்பையை ஆணியில் திரும்ப மாட்டினார். என் பேச்சைக் கேட்டுவிட்டாரே என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரவில் தூறல் விழுந்திருந்தது. காலை ஐந்தரை மணிக்கு அண்ணன் கிளம்பினார். இரண்டு தகரப் பெட்டி, உபரி டயர், பெட்ரோல் கேன் எல்லாம் வண்டியில். அம்மா நெற்றி நிறைய விபூதி வைத்தார். அண்ணன் ஹெல்மெட்டை எடுத்தபோது அம்மா தடுத்தார். “அந்தச் சட்டிய முச்சந்தி தாண்டி மாட்டிக்கோ நைனா. அது வரைக்கும் உன் மூஞ்சியப் பாத்துகினு நிக்கிறேன்.” அண்ணன் சிரித்துக்கொண்டே அதை ஹாண்டில்பாரில் தொங்கவிட்டார்.

முச்சந்தியில் திரும்பும்போது செல்விக்காக ஹாரன் அடித்தார். குழந்தை கையைத் தூக்கினாள். பின்புறச் சிவப்பு விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்தேன். பெரிய சத்தம்கூடக் கேட்கவில்லை. நேபாளம் வரை போய் வந்தவர், எங்கள் வாசலிலிருந்து கூப்பிடும் தூரத்தில் விழுந்தார். சாலையோர மதகுக் கல்லில் தலை பட்டுவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பின் டயரின் பள்ளங்களில் பூசணித் துண்டும் குங்குமமும் ஒட்டியிருந்ததைக் காதர் பாய்தான் பார்த்தார். அம்மாவிடம் மழையில் வழுக்கியது என்று சொல்லிவிட்டோம். அதனால் அம்மாவுக்குத் தெரிந்தது ஹெல்மெட் மட்டும்தான். “நான்தானே மூஞ்சியப் பாக்கணும்னேன்” என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சோறு போடும்போது சொல்கிறார். செல்விக்குத் தலை பின்னும்போது சொல்கிறார். நான் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். “அப்படிச் சொல்லாதேம்மா” என்று மட்டும் சொல்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அண்ணனை முதலில் ஓடி வந்து தூக்கிய பூக்காரம்மாவுக்கும், தன் வேனில் ஏற்றிக்கொண்டு பறந்த டயர் கடை நாயக்கருக்கும், காரியங்கள் அனைத்தையும் மகன் ஸ்தானத்தில் இருந்து செய்த சித்தப்பாவுக்கும், ஜெர்மனியிலிருந்து நாலு பக்கக் கடிதம் எழுதிய ஹான்ஸ் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஒரு தாள்கூடக் கிழிக்கப்படாத அந்த வண்டிப் புத்தகத்தை ஹான்ஸ் அவர்களுக்கே அனுப்பி வைத்தோம். அண்ணனோடு வேலை செய்தவர்கள் அன்று காலையே சாலை வேலைக்கான தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து முச்சந்தியைச் சுத்தமாகக் கழுவிவிட்டார்கள். அம்மா அந்தப் பக்கம் வரும்போது எதுவும் கண்ணில் படக் கூடாது என்று செய்தார்கள். அந்த அன்புக்குக் கைகூப்புகிறேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஈரத் தார் மட்டும்தான் இருந்தது.

பண்டிகைகள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னதால்தான் தலைத்திவசத்தை முன்னதாகவே வைத்திருக்கிறோம். ஆயுத பூஜைக்கு இன்னும் பதினாறு நாட்கள் இருக்கின்றன.

சென்ற ஆண்டு நான் கொல்லையில் எறிந்த விதை முளைத்துக் கூரை மேல் ஏறியிருக்கிறது. அது எந்தக் காயின் விதை என்று அம்மாவுக்குத் தெரியாது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். ஒரு காய் மட்டும் நின்று பெரிதாகி, நாளுக்கு நாள் சாம்பல் பூத்து வெளுத்துக்கொண்டு வருகிறது. காதர் பாய் வண்டியைச் சரிசெய்து வைத்துவிட்டார். “நைனா வண்டி சும்மா நின்னு துருப் புடிக்கக் கூடாது, மாப்ளை ஓட்டட்டும்” என்றது அம்மாதான். என் கணவர் திருக்கழுக்குன்றத்தில் ஆசிரியர்; இரண்டு மாதமாகப் பள்ளி மைதானத்தில் காதர் பாயிடம் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அந்தச் சிரிப்பை நான் சோழவரத்தில் பார்த்திருக்கிறேன். விஜயதசமி அன்று பள்ளியில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலைக்கு விடியற்காலையில் அவர் முதல் முறையாக அந்த வண்டியில் போகப் போகிறார். “காய் நம்ம கூரையிலயே கீது. மாப்ளைக்கு அதையே சுத்தி ஒடச்சிடு” என்று அம்மா நேற்றும் சொன்னார்.

உடைக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். சொன்னால், தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பாரத்தில் பாதி இறங்கலாம். அல்லது, மகனைத் தடுத்தது மகள் என்ற இன்னொரு பாரம் அதன் மேல் ஏறலாம். எது நடக்கும் என்று யோசித்து யோசித்து, ஒரு நாள் ஒன்று சரி என்று படுகிறது, மறுநாள் மற்றது. வாயால் சொல்ல முடியாததால்தான் இங்கே எழுதினேன். ஆனால் இந்த மலரையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறவள் நான்தான். திவசம் முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு படி என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

இதைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களே, அண்ணனின் நண்பர்களே, உங்களில் பலர் அம்மாவை என்னைவிட அதிக வருடம் அறிந்தவர்கள். பந்தி பரிமாறுவதற்குள் யாராவது என்னைக் கொல்லைப் பக்கம் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். அந்தக் கோணிப்பை வரும் இடத்தில் நான் வரியைத் தாண்டிவிடட்டுமா, படிக்கட்டுமா?